மூன்றாவது ஆள்

2020 அக்டோபரில் பின்லாந்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மின்னஞ்சல் மூலம் ஒரு மிரட்டல் வந்தது. வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தில் அவர்கள் பேசியவற்றின் குறிப்புகள் எவன் கையிலோ இருந்தன. 200 யூரோ கொடுக்காவிட்டால் வெளியிடுவானாம். நிறுவனம் பணம் தராததால் நோயாளிகளிடமே வந்துவிட்டான். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 33,000 பேர். 2021ல் நிறுவனம் திவாலாயிற்று. 2024ல் ஒருவனுக்கு ஆறு வருஷத்துக்கு மேல் சிறை விதித்தார்கள்.

அது திருட்டு, சம்மதத்தோடு பகிர்வது வேறு என்பார்கள். வேறுதான். ஆனால் இரண்டிலும், சொன்னவர் மனதில் இல்லாத ஒரு மூன்றாவது ஆள் படிக்கிறான். டாக்டரிடம் சொல்வதற்குத் தகவல் என்று பெயரிட்டதிலேயே கோளாறு ஆரம்பிக்கிறது என்று எனக்குப் படுகிறது. அது ஒரு முகத்தைப் பார்த்து, அந்த முகத்தை நம்பிச் சொன்ன பேச்சு. கேட்பவன் மாறினால் சொல்லே மாறிவிடும் என்பதைக் கவிதை விஷயத்தில் நாம் ஓயாமல் சொல்லி வந்திருக்கிறோம்.

நான் வங்கியில் சேர்ந்தபோது ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டேன். வங்கிகளைத் தேசியமயமாக்கிய 1970ம் வருஷச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. ஒருவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறதென்று அவருடைய மைத்துனருக்குச் சொல்லக் கூடாது. (மைத்துனர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள்.)

அம்மாவை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். கவுண்ட்டரில் இருந்த பெண் ஆதார் எண்ணை வாங்கிக்கொண்டு, போனில் வந்த ஆறு இலக்கங்களைக் கேட்டாள். அம்மா படித்துச் சொன்னாள். பதினான்கு இலக்கத்தில் அம்மாவுக்கு ஒரு சுகாதார எண் பிறந்துவிட்டது. எதற்கு என்று கேட்டேன். "எந்த ஆஸ்பத்திரி போனாலும் பாத்துக்கலாம் சார்." அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. 2021ல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய இத்திட்டத்தின் விதிகளில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது: எண் கட்டாயமில்லை, நோயாளி சம்மதிக்காமல் ஏடு நகராது, சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பழைய சீட்டுகளை மஞ்சள் பையில் சுமந்து அலைகிறவர்களுக்கு இதனால் நன்மையும் உண்டு. ஆனால் பின்னால் இருபது பேர் நிற்கிற வரிசையில் தலைசுற்றலோடு ஒருத்தி சொன்ன ஆறு இலக்கத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே டாக்டர் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். தூக்கம் எப்படி என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். "நல்லாத் தூங்கறேன் டாக்டர்." அப்பா போனதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் அவள் நடக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

டாக்டர் அதையும் தட்டினார்.