புது ஆம்ப் வாங்குமுன் காதுக்கு ஒரு டெஸ்ட்

இன்பாக்ஸில் சுகர், பிரஷர் கேள்விகளுக்கு நடுவே மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது இதைக் கேட்டுடறாங்க. "டாக்டர், இப்போ இருக்கிற மியூசிக் செட்டை மாத்திட்டு எழுபதாயிரத்துக்குப் புதுசு வாங்கலாம்னு இருக்கேன். வொர்த்தா?" நான் பாட்டுப் பைத்தியம்னு தெரிஞ்சு கேக்கறாங்க. ஆனா யோசிச்சுப் பார்த்தா, இது டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விதான். அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வாங்க.

முதல்ல ஒரு மாத்திரைக் கதை. 2008-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு. 82 பேருக்கு லேசா ஷாக் கொடுத்து வலியைக் கேட்டுக் குறிச்சுக்கிட்டாங்க. அப்புறம் "புது வலி மாத்திரை"ன்னு ஒண்ணைக் கொடுத்தாங்க. பாதிப் பேர்கிட்ட அதன் விலை 2.50 டாலர்னு சொன்னாங்க, மீதிப் பேர்கிட்ட தள்ளுபடியில் 10 சென்ட்னு சொன்னாங்க. ரெண்டுமே மருந்தே இல்லாத வெத்து மாத்திரை. விலை ஒசத்தின்னு நம்பினவங்கள்ல 85 சதவீதம் பேருக்கு வலி குறைஞ்சது. மலிவுன்னு நம்பினவங்கள்ல 61 சதவீதம்தான்.

இவங்க யாரும் பொய் சொல்லல. அவங்க உணர்ந்ததைத்தான் சொன்னாங்க. ரெண்டு லட்சத்துக்கு ஆம்ப் வாங்கிட்டு "குரல் அப்படியே முன்னாடி வந்து நிக்குது டாக்டர்"னு சொல்றவரும் பொய் சொல்லல. காது கேக்கறதுக்கு முன்னாடியே மூளை பில்லைப் பார்த்துடுது, அவ்வளவுதான்.

ஒலித்துறையில் இதைச் சோதிச்சே பார்த்திருக்காங்க. 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ரெண்டு பேரும் ஒரே ஆட்களை ஒரே ஸ்பீக்கர்களைக் கேக்க வெச்சாங்க. ஒரு தடவை திரைக்குப் பின்னால வெச்சு, இன்னொரு தடவை கண்ணுக்கு முன்னால வெச்சு. திரையை எடுத்ததும் மார்க் மாறிடுச்சு. பெரிசா, பார்க்க அம்சமா இருந்ததுக்கு ஏறுச்சு. சின்னதா, மலிவா இருந்ததுக்கு இறங்குச்சு. இத்தனைக்கும் கேட்டவங்க ஸ்பீக்கர் கம்பெனியிலேயே வேலை பார்க்கிறவங்க.

"ஹை ரெசல்யூஷன்" பைத்தியத்துக்கும் இதே கதிதான். சாதா சிடி தரம், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதையும் அதுக்கு மேல உள்ள தரத்தையும் எது எதுன்னு சொல்லாம போட்டுக் காட்டின ஆய்வு 2007-ல் வந்தது. 554 முறை கேட்டதில் 276 முறை சரியாச் சொன்னாங்க. பூவா தலையா போட்டிருந்தாலும் அதே கணக்குதான் வந்திருக்கும்.

சரி, நம்ம வீட்டில் எப்படிப் பரிசோதிக்கிறது? என் நண்பர் ஒருத்தர், மயக்க மருந்து டாக்டர், இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு ஸ்பீக்கர் கேபிள் வாங்கினார். வெறும் கேபிள்! அவர் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ஆம்ப் முன்னாடி ஒரு போர்வையைக் கட்டிட்டு, அந்தப் பக்கம் அவளை உக்கார வெச்சோம். ஒவ்வொரு தடவையும் காசு சுண்டிப் பார்த்து, அந்தக் கேபிளையோ, வீட்டு வயரிங்குக்குப் போடற ரெண்டரை ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரையோ மாட்டுவா. பேச்சே கிடையாது. பத்துப் பாட்டு. அவர் பேப்பர்ல எழுதினார். அஞ்சு சரி, அஞ்சு தப்பு. பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொண்ணுதான் சிரிப்பை அடக்க முடியாம உள்ளே ஓடிட்டா.

நீங்க செய்யறதா இருந்தா, பத்துக்கு ஒன்பதாவது சரியா வரணும். குருட்டாம்போக்குல ஒன்பதோ பத்தோ வர வாய்ப்பு நூத்துல ஒண்ணுதான். இன்னொண்ணு, ரெண்டுக்கும் சத்தம் ஒரே அளவு இருக்கணும். இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. ஒரு டெசிபல் கூட இருந்தாலே அது நமக்கு "சத்தம் அதிகம்"னு தெரியாது, "கிளாரிட்டி அதிகம்"னுதான் தெரியும். ஷோரூம்ல விலை கூடின செட் இனிக்கிறதுக்குப் பாதிக் காரணம் அந்த வால்யூம் பட்டனாக்கூட இருக்கலாம்.

வாட்ஸ் கணக்கும் அப்படித்தான். 50 வாட்ஸை 100 ஆக்கினா சத்தம் டபுள் ஆகாது, 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு டபுள்னு தோணவே சுமார் 10 டெசிபல் வேணும்.

அப்போ எதுக்குமே செலவு பண்ண வேண்டாமான்னா, அப்படி இல்ல. ஸ்பீக்கர் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும். டிவிக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர்ல இருந்து ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கருக்கு மாறினா, யாருக்கும் போர்வை டெஸ்ட் தேவைப்படாது. அதுக்கு அடுத்து ரூம். நம்ம ஹால் எப்படி இருக்கு? கீழே டைல்ஸ், நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், மேலே கான்கிரீட். பேசினாலே எதிரொலிக்குது. 1895-ல் ஹார்வர்டில் ஒரு லெக்சர் ஹால்ல பேசறது யாருக்கும் புரியலன்னு வாலஸ் சபைன்கிற இளம் பேராசிரியர்கிட்ட சரிபண்ணச் சொன்னாங்க. அவர் பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிட்டு வந்து அடுக்கி, எதிரொலி எவ்வளவு நேரத்தில் அடங்குதுன்னு அளந்தார். அந்த மெத்தைக் கணக்குலதான் அரங்க ஒலியியலே ஆரம்பிச்சது. நமக்கும் கனமான திரைச்சீலை, ஒரு கம்பளம், சோபா போதும். ஷோகேஸுக்குள்ள திணிச்ச ஸ்பீக்கரை வெளியே எடுங்க, மூலையை விட்டுத் தள்ளி, காது உயரத்துக்கு வைங்க. இதுக்கு ஒரு பைசா ஆகாது.

ஆனா இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு பொருள் இருக்கு. அதை யாருமே செக் பண்றதில்ல.

என் தாய்மாமா மதுரையில் இருக்கார். பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவர், 71 வயசு. கேசட் காலத்துல இருந்து பாட்டுதான் அவருக்கு எல்லாம். போன வருஷம் ஒரு டெபாசிட் முதிர்ந்து வந்துச்சு. "மாப்ள, பாட்டுல முன்ன இருந்த பளபளப்பு இல்ல. செட்டு பழசாயிடுச்சு. ஒண்ணே நாப்பதுல புதுசு பார்த்து வெச்சிருக்கேன்"னார்.

அவர் நாற்காலியில் உக்கார்ந்து நான் கேட்டேன். தாளத்தோட சிங்கி, வயலின் உரசல் எல்லாம் அப்படியே இருந்துச்சு. செட்டுக்கு ஒரு குறையும் இல்ல.

அத்தைதான் சமையல் ரூம்ல மெதுவாச் சொன்னாங்க. "டிவி சத்தம் தெருமுனைக்குக் கேக்குதுப்பா. பெங்களூர்ல இருந்து பேத்தி பேசினா ரெண்டு வார்த்தை பேசிட்டு போனை என்கிட்ட குடுத்துடறார். பாப்பா கேக்கறதுக்கு வேற என்னமோ பதில் சொல்லிடுவார், அது சிரிக்கும். இப்போ போனையே எடுக்கறதில்ல."

வயசானா காது மேல்ஸ்தாயியில் இருந்துதான் தேய ஆரம்பிக்கும். ஸ, ச, ஃப மாதிரி மெல்லிய ஓசைகள் அங்கேதான் இருக்கு. அதனாலதான் "சத்தம் கேக்குது, வார்த்தை புரியல"ன்னு சொல்வாங்க. குழந்தைங்க குரல் இன்னும் கஷ்டம். முதல்ல காதுல குறும்பி அடைச்சிருக்கான்னு பார்த்தாங்க, இல்ல. ஆடியோகிராம் எடுத்தோம். 500 ஹெர்ட்ஸ்ல 20 டெசிபல், நார்மல். 4000-ல் 60. 8000-ல் 75. அந்தக் கோடு படிக்கட்டு மாதிரி இறங்குது. அவர் சொன்ன "பளபளப்பு" அந்தப் படிக்கட்டுக்குக் கீழே கிடக்குது. ட்ரெபிளைத் திருகினா அவருக்குக் கொஞ்சம் கேக்கும், அத்தைக்குக் காது கூசும்.

"மெஷினா? எனக்கா?"ன்னு ரெண்டு வாரம் முறுக்கிக்கிட்டார். ட்ரையலுக்குத்தான்னு சொல்லி ரெண்டு காதுக்கும் போட வெச்சோம். முதல் நாள் புல்லாங்குழல் நடுங்குதுன்னு கழட்டி வெச்சுட்டார். அவர் சொன்னது நிஜம். காது மெஷின் பேச்சுக்காக ட்யூன் பண்ணது. விசில் சத்தம் வராம தடுக்கிற அமைப்பு, நீளமான இசைச் சுரத்தையும் விசில்னு நினைச்சுக் குழப்பும். ஆடியாலஜிஸ்ட்கிட்ட "பாட்டுக்குத் தனி ப்ரோக்ராம் வேணும்"னு கேட்டு வாங்கினோம். உங்க வீட்டிலும் யாராவது மெஷினை டிராயர்ல போட்டு வெச்சிருந்தா, திரும்பப் போய் இதைக் கேளுங்க.

டிவி வால்யூம் 38-ல் இருந்து 20-க்கு வந்துச்சு. பேத்திகிட்ட அவரே கூப்பிட்டுப் பேசறார். செட்டு அதே செட்டுதான். மெஷினுக்குப் போக மிச்சப் பணத்தை ஸ்பீக்கருக்குன்னு வெச்சிருக்கார். வாங்கட்டும், அந்த சந்தோஷமும் வேணும். இஎம்ஐ போட்டு மட்டும் வாங்காதீங்க.

அதனால இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: அறுபது தாண்டினவங்க, மெஷின் சத்தத்துல வேலை பார்த்தவங்க, வருஷக்கணக்கா இயர்போன் மாட்டினவங்க, முதல்ல ஆடியோகிராம் எடுங்க. பல ஊர்களில் சில நூறு ரூபாய்தான் ஆகும். வாங்கின செட்டை 80 டெசிபலுக்கு மேல அலற விடாதீங்க. அந்த அளவுல வாரம் 40 மணி நேரம் வரைக்கும்தான் பெரியவங்க காதுக்குப் பாதுகாப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

கடைசியா, த்ரெட்டுக்குச் சம்பந்தமில்லைன்னாலும் சொல்லிடறேன். திடீர்னு ஒரு காது கேக்காமப் போச்சுன்னா, சளி அடைச்சிருக்கும்னு காத்திருக்காதீங்க. அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போங்க. சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.