தனித்து ஆட இடமுண்டா?



இம்முறை பாடத்திட்டத்தையும் புறப்பாட நடவடிக்கைகளையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, கணினி விளையாட்டைப் பற்றி எழுத நினைக்கிறேன். முகம் சுளிக்க வேண்டா. நம் மாணவர்கள் நாள்தோறும் போய்வரும் இடத்தை நாமும் ஒருமுறையேனும் எட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று கருதுகிறவள் நான்.

பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் இணையம் வழி நுழைந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, ஒரே கற்பனை உலகில் உலவும் விளையாட்டுகள் உள்ளன. இயங்கலை வேடமேற்பு விளையாட்டு என்று சொல்லலாம். ஒருவர் போர்வீரர், ஒருவர் மருத்துவர், ஒருவர் வில்லாளி. நால்வர் சேர்ந்து ஒரு நிலவறைக்குள் இறங்கி அரக்கனை வீழ்த்துவர். பலர் கூடி ஆடுவதற்கென்றே அமைந்த இவ்வுலகில், யாரோடும் சேராமல் தனித்து ஆட விரும்புகிறவருக்கு இடமளிக்க வேண்டுமா? ஆட்டக்காரர்களிடையே இது கால் நூற்றாண்டாகத் தீராத வழக்கு. 'தனியாக ஆடுவதற்கு ஆயிரம் விளையாட்டு இருக்கிறது, அங்கே போ' என்பது ஒரு கட்சி. 'நானும்தான் காசு கட்டுகிறேன், எனக்கு ஏன் கதவடைப்பு?' என்பது மறு கட்சி.

இவ்வழக்கை நான் முதலில் கேட்டது தம்பியின் வாயிலாக. 2000களின் நடுப்பகுதியில், ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பினால் அவனை வீட்டில் காண முடியாது. முச்சந்தியில் இருந்த சைபர் கஃபேயில், குளிரூட்டியின் அடியில், 'ராக்னரோக்' ஆடிக்கொண்டிருப்பான். கொரியாவில் 2002இல் வெளிவந்த விளையாட்டு அது. அம்மா அனுப்பித் தேடிப்போன நான், அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துப் பழகிவிட்டேன். அதன் தலைநகரான புரொன்டேராவின் தெருக்களில் வணிகர் வேடமிட்டவர்கள் வரிசையாக அமர்ந்து கடை விரித்திருப்பர். நம் பாசார் மாலாம் தோற்றது போங்கள்! தம்பி ஏற்றிருந்ததோ பிறரைக் குணப்படுத்தும் துறவி வேடம். அவனால் ஓர் அரக்கனையும் விரைவாக வீழ்த்த முடியாது. யாராவது சேர்த்துக்கொண்டால்தான் முன்னேற்றம். நகர வாயிலில் முக்கால் மணி நேரம் காத்திருப்பான். ஒரு மணி நேரத்திற்குக் காசு கட்டிவிட்டு அதில் முக்கால்வாசியைக் காத்திருப்பில் கழிப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. அவ்வாயிலில்தான் ஈப்போ பையன் ஒருவனோடு நட்பானான். இன்றும் அந்நட்பு தொடர்கிறது.

அக்கால விளையாட்டுகளின் இலக்கணமே அதுதான். 1999இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' இன்னும் கடுமையானது. அங்கே இறந்துவிட்டால் ஆட்டக்காரரின் உடைமைகள் எல்லாம் இறந்த இடத்திலேயே உடலோடு கிடக்கும். திரும்பிப் போய் எடுத்துவர வேண்டும். ஆபத்தான இடமாயின் துணைக்கு ஆள் வேண்டும். ஒருவர் மற்றவரைத் தேடி ஓடும்படி செய்ததே அந்தத் துன்பம்தான். 2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இந்த நிலையை மாற்றியது. அதில் ஒருவர் யாரையும் நாடாமல், பணி பணியாக முடித்து, அன்றைய உச்ச நிலையான அறுபது வரை ஏறிவிடலாம். 2010ஆம் ஆண்டில் அதன் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 இலட்சத்தை எட்டினர். 2006இல் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் அவ்விளையாட்டை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினர். பெரும்பாலோர், குறிப்பாகத் தொடக்க நிலைகளில், தனியாகவே ஆடுகின்றனர். பிறரைத் தோழராகக் கொள்வதைக் காட்டிலும் சுற்றிலும் இருக்கும் அவையோராகக் கொள்கின்றனர் என்பது அவர்கள் கண்டது. 

இதில் வியப்பில்லை என்பேன். இத்தகைய விளையாட்டுகளின் மூதாதை 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. படமே இல்லை, வெறும் எழுத்து. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டல், 1996இல் ஆட்டக்காரர்களை நால்வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருவோர், சுற்றிப் பார்க்க வருவோர், பழக வருவோர், பிறரை வதைக்க வருவோர். மாணவர்களைத் தைப்பிங் விலங்குத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்ற எந்த ஆசிரியரும் இந்நால்வரையும் பேருந்திலேயே அடையாளம் கண்டிருப்பார். எத்தனை விலங்கு பார்த்தோம் என்று எண்ணுகிறவன் ஒருவன்; ஒவ்வோர் அறிவிப்புப் பலகையையும் நின்று படிக்கிறவள் ஒருத்தி; விலங்கைப் பாராமல் வழிநெடுகப் பேசிக்கொண்டே வருவோர் சிலர்; நான்காமவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அறிவிப்புப் பலகை படிக்கிறவளை மற்றவர்களோடு கைகோத்து ஓடும்படி விரட்டினால், அவள் எதைப் படித்திருப்பாள்?

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. "சாப்பிட வா" என்று மூன்று முறை அழைத்தும் பிள்ளை "இரும்மா, ஒரு நிமிசம்!" என்று கத்துகிறான் அல்லவா? எப்போதும் அது அடம் என்று கொள்ள முடியாது. அவன் மருத்துவர் வேடத்தில் இருந்தால், அவன் எழுந்த கணத்தில் மற்ற மூவரும் மடிவர். அந்த மூவரில் ஒருவர் எந்த நாட்டில் எந்த வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தவரோ! கூட்டு ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது. தனி ஆட்டம் அப்படிப்பட்டதன்று. 'ஃபைனல் ஃபேன்டசி 14' என்னும் விளையாட்டில் கதை நகர வேண்டுமானால் இடையிடையே நால்வர் நிலவறைகளைக் கடந்தாக வேண்டும். 2019இல் புதிய பகுதிகளுக்கும், 2022 முதல் பழைய பகுதிகளுக்கும், மனிதருக்குப் பதிலாகக் கதைமாந்தர்களையே துணைக்கு அழைத்துச் செல்லும் வசதியைச் செய்து கொடுத்தனர். கைக்குழந்தையுள்ள தாய்மாரும், இரவுப் பணியாளரும், கூச்சமுள்ள பிள்ளைகளும் கதையின் முடிவைக் காண வழி பிறந்தது. ஒரு கதையின் அடுத்த அத்தியாயத்தைப் படிப்பதற்கு முன்பின் அறியாத மூவரின் பொறுமையை நம்பியிருக்க வேண்டும் என்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை.

அதே வரிசையில் 2002இல் வந்த பதினொன்றாம் விளையாட்டின் வரலாறும் இதையே காட்டுகிறது. குழு இல்லையேல் ஓரடியும் நகர முடியாது என்று பெயர் பெற்றது அது. ஆண்டுகள் ஓடி ஆட்டக்காரர் குறைந்தபோது, புதிதாக வருகிறவருக்குக் குழு கிடைக்கவில்லை. 2013இன் இறுதியில் கதைமாந்தரைத் துணையாக அழைக்கும் மந்திரத்தைச் சேர்த்தார்கள். ஆள் குறைந்த ஊரிலும் புதியவர் முன்னேற அது வழி செய்தது. மாணவர் எண்ணிக்கை இருபதுக்கும் கீழே போன தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பந்துக் குழு அமைக்க ஆள் இல்லை என்பதற்காக விளையாட்டுப் பாடத்தையே நிறுத்திவிட முடியுமா?

ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் இருந்தார். தசைகள் நாளடைவில் செயலிழக்கும் பிறவி நோய். 2014இல், 25 வயதில் மறைந்தார். மகன் நண்பர்கள் யாருமின்றி, கணினித் திரையோடே வாழ்ந்து முடித்துவிட்டான் என்றுதான் பெற்றோர் வருந்தினர். அவருடைய வலைப்பூவில் மறைவுச் செய்தியை இட்ட பிறகு, முன்பின் அறியாதவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. வார்கிராஃப்ட் உலகில் 'இபெலின்' என்ற பெயரில் அவர் எத்தனை பேருக்கு ஆறுதலாக இருந்தார் என்று அவர்கள் எழுதியிருந்தனர். சிலர் வேற்று நாட்டிலிருந்து இறுதிச் சடங்கிற்கே வந்தனர். 2024இல் இது ஆவணப்படமாகவும் வந்தது. துணைக்கு வரும் கணினிப் பொம்மை எந்நாளும் பிழை செய்யாது, கோபிக்காது, தாமதிக்காது. இறுதிச் சடங்கிற்கும் வராது. தம்பிக்கு நகர வாயிலில் காத்திருக்க நேர்ந்திராவிட்டால் அந்த ஈப்போ நண்பனும் இல்லை.

இவ்விரண்டையும் எடைபோட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான், என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார், இளையவளின் தேர்ச்சி அறிக்கையைப் பெற வந்தபோது, மகனைப் பற்றி மனம் விட்டுப் பேசினார். அவன் இப்போது இரண்டாம் படிவம். சிறு வயது முதல் திக்குவாய். "டீச்சர், ஆயிரம் பேரு விளையாடுற கேமாம், ஆனா இவன் மட்டும் யாரோடயும் சேராம தனியா சுத்துறான். எனக்குப் பயமா இருக்கு" என்றார். முன்பு வேறொரு விளையாட்டில் ஒரு குழுவில் இருந்தானாம். அக்குழுவில் குரல்வழிப் பேசியாக வேண்டும். அவன் பேச்சை மற்றவர்கள் பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அதன்பின் 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்பதற்கு மாறி, அதில் 'அயர்ன்மேன்' முறையை எடுத்துக்கொண்டான். 2014இல் வந்த முறை அது. அம்முறையில் ஆடுகிறவர் பிறரோடு பண்டமாற்றுச் செய்யக் கூடாது, சந்தையில் வாங்கக் கூடாது. தனக்குரிய மீனைத் தானே பிடித்து, தானே சுட்டு உண்ண வேண்டும். உலகம் மட்டும் எல்லாருக்கும் பொது. உரையாடலில் அவர் பெயருக்கு அருகே ஒரு சிறு தலைக்கவசம் தெரியும். தனித்து ஆடுபவர் என்பதற்கு அடையாளம்.

ஒரு சனிக்கிழமை அவனே வந்திருந்தான். தனியாகத்தான் ஆடப் போகிறாய் என்றால் இணையம் இல்லாத விளையாட்டே போதுமே என்று கேட்டேன். நேரம் எடுத்துக்கொண்டு சொன்னான்: "அவங்கல்லாம் சுத்தி இருக்காங்க டீச்சர். நான் ஒன்னு செஞ்சு முடிச்சா, தெரியாதவங்ககூட வாழ்த்து எழுதுவாங்க. எழுத்துல எனக்குத் திக்காது."

கடைசி வாக்கியத்திற்கு நான் என்ன பதில் சொல்ல?

அன்றிரவு எனக்குத் தைப்பூசம் நினைவிற்கு வந்தது. பத்துமலையின் 272 படிகளில் காவடியோடு ஏறுகிறவர் தம் நேர்த்திக்கடனைத் தாமே சுமக்கிறார். இன்னொருவர் தோளுக்கு மாற்ற முடியாது. ஆயினும் அக்காவடியை வீட்டுக் கூடத்தில் சுமந்து முடித்துக்கொள்வாரா? முன்னும் பின்னும் மனிதக் கடல் வேண்டும். அவன் சொன்னதும் ஏறக்குறைய அதுவே. கூட்டத்தில் இருப்பதற்கும் குழுவில் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. விளையாட்டை அமைக்கிறவர்கள் அதைச் சற்றுத் தாமதமாகவேனும் புரிந்துகொண்டார்கள். பள்ளியில் நாம் புரிந்துகொண்டோமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

ஆகவே என் நிலைப்பாடு இது. தனித்து ஆட வழி இருக்க வேண்டும். கதையும் சுற்றிப் பார்க்கும் உரிமையும் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். 2024இல் வார்கிராஃப்டில் 'டெல்வ்' என்ற குகைகளைத் திறந்து, ஒரு துணைமாந்தரோடு தனி ஒருவரும் புகுந்து நல்ல ஆயுதங்களைப் பெற வழி செய்தது வரவேற்கத்தக்கது. அதற்காக, பலர் சேர்ந்து பல இரவுகள் தோற்றுத் தோற்று வெல்லும் பெரும்போரின் பரிசைத் தனி ஆளுக்கும் அப்படியே கொடு என்று கேட்பதை ஏற்கமாட்டேன். அது வேறு உழைப்பு. குழுவாகச் சேர்வதை வளர்க்க வேண்டுமானால், தனி வழியை அடைக்காமல், சேரும் வழியை இனிதாக்கலாம். ஃபைனல் ஃபேன்டசியில் அனுபவசாலிகள் பழைய நிலவறைக்குத் திரும்பி வந்து புதியவரோடு ஆடினால் கூடுதல் வெகுமதி உண்டு. குழுவில் ஒருவர் அவ்விடத்திற்கு முதன்முறை வந்தவர் என்றால் அனைவருக்கும் சிறப்புப் பரிசு. அதனால் தெரியாதவன் வந்தால் முணுமுணுப்பதற்குப் பதிலாக மகிழ்கிறார்கள். அன்பைக் காசு கொடுத்து வாங்குவதா என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நாம் வகுப்பில் ஒட்டும் நட்சத்திரங்கள் வேறென்ன என்று திருப்பிக் கேட்டேன்.

ரூன்ஸ்கேப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. 2021இல் 'குழு அயர்ன்மேன்' என்றொரு முறை வந்தது. வெளியாரிடம் எதுவும் வாங்காமல், தங்களுக்குள் மட்டும் பகிர்ந்துகொள்ளும் ஐவர்வரை சேர்ந்த சிறு குடும்பம். தனிமையைத் தேர்ந்தவர்களுக்கும் துணை வேண்டாமல் இல்லை. யார், எத்தனை பேர் என்பதைத் தாங்களே முடிவு செய்ய விரும்புகிறார்கள், அவ்வளவே.

இனி என் வகுப்பு. 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்ற பெயரில் மேசைகளை நான்கு நான்காகச் சேர்த்துப் போட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. குழு நடவடிக்கை நல்லது. நானே பட்டறைகளில் அதை வலியுறுத்திப் பேசியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு குழுவிலும் பேசுகிறவர் இருவர், எழுதுகிறவர் ஒருவர், மஞ்சள் தாளின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருப்பவர் ஒருவர் என்பதை அறியாத ஆசிரியர் இல்லை. இத்தவணை முதல் சன்னலோரம் ஒற்றை மேசைகள் மூன்றைப் போட்டிருக்கிறேன். அதே பணி, அதே நேரம், அதே புள்ளி. விரும்புகிறவர் அங்கே அமரலாம். முடித்தபின் தம் விடையை ஏதேனும் ஒரு குழுவிடம் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இது ஒன்றுதான் நிபந்தனை. முதல் வாரம் மூன்று மேசைக்கும் போட்டி. இப்போது பெரும்பாலும் ஒரே ஒரு மாணவிதான் அங்கே அமர்கிறாள். கட்டுரைப் பாடத்தன்று மட்டும் இன்னும் இருவர் சேர்ந்துகொள்கிறார்கள்.

"குழுவில் சேராத பிள்ளையைக் குழுவில் சேர்ப்பதுதானே உங்கள் வேலை?" என்று ஒரு தந்தையார் கேட்டார். சேர்க்கிறேன், ஐயா. ஒப்பிடப் போகும் அந்தப் பத்து நிமிடத்தில் அம்மாணவி கையில் விடையோடு போகிறாள். அதனால் பேசுவதற்கு அவளிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. முன்பு அவளுக்கு அதுகூட இருந்ததில்லை.

அடுத்த மாதம் வகுப்புக் கண்காணிப்பு இருக்கிறது. அதற்காக மேசைகளை மாற்றிப் போடுவதாக இல்லை.