ஏற்கனவே கட்டின காசு

வெள்ளிக்கிழமை பூஜை, அன்னதானம் பத்தி எழுதற இடத்துல இன்னிக்கு வேற ஒரு விஷயம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்துல வேலை செய்யற அண்ணன் ஒருத்தர். பேர் வேண்டாம். மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலையில வருஷா வருஷம் தண்ணீர்ப் பந்தல்ல நிப்பார். ரெண்டு வருஷத்துக்கு முன்ன, விடியக்காலையில வேலைக்குப் போற வழியில மோட்டார் சறுக்கி விழுந்துட்டார். இடுப்புலயும் வலது கால்லயும் பலத்த அடி. ஆப்பரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தும் ஊன்றுகோல் இல்லாம நாலு அடி வைக்க முடியல.

நாங்க கோயில்ல தட்டு ஏந்தினோம். தனியார் பிசியோவுக்கு ஒரு தடவைக்கு 80 வெள்ளி. அஞ்சு மாசத்துல காசு தீர்ந்துபோச்சு. "போதும் தம்பி, இனிமே சாமி பார்த்துக்கட்டும்"னு அண்ணி சொன்ன அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

மறு வாரம் அர்ச்சனை டிக்கெட் மேசையில இருந்தப்ப, ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருத்தங்க கேட்டாங்க: "அவருக்கு சொக்சோ இருக்குல்ல? பெம்பான் மையம் பக்கத்துலயே இருக்கே, எதுக்குக் காசு கொடுத்து பிசியோ?"

தூக்கிவாரிப் போட்டுச்சு. 2014-ல திறந்த துன் அப்துல் ரசாக் சொக்சோ மறுவாழ்வு மையம். எத்தனை தடவை அந்த ரோட்டுல போயிருப்போம்!

அண்ணன்கிட்ட ஓடினேன். அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. "தெரியும் தம்பி. அங்க போனா மாசம் வர்ற எம்.சி. காசுல கழிச்சுடுவாங்கன்னு சொன்னாங்க. அந்தக் காசுலதான் அடுப்பு எரியுது."

யாரோ சொன்ன அந்த ஒரு வார்த்தையால அஞ்சு மாசம் வீணாப் போச்சு.

உண்மை இதுதான். மாசா மாசம் நம்ம சம்பளத்துல கொஞ்சம் பிடிக்கறாங்க. முதலாளி அதைவிட அதிகமா கட்டறார். அதுல இருந்து ரெண்டு விதமா உதவி வருது. ஒண்ணு ரொக்கம்: வேலை விபத்துன்னா எம்.சி. நாளுக்கு, சராசரி நாள் சம்பளத்துல 80 விழுக்காடு. வேலைக்குப் போற வழியில நடக்கற விபத்தும் இதுல சேரும். இன்னொண்ணு சேவை: பிசியோ, செயற்கைக் கால், தொழில் பயிற்சி. இந்தச் செலவை சொக்சோவே ஏத்துக்கும், உங்க ரொக்கத்துல கை வைக்காது. 2007-ல தொடங்கின 'ரிட்டன் டு வொர்க்' திட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் ஓர் அதிகாரி உக்காந்து தனித் திட்டமே போட்டுத் தருவார்.

ஆஸ்திரேலியாவுல என்.டி.ஐ.எஸ்.னு ஒரு திட்டம். அதுல சேர்ந்த ஒவ்வொரு மாற்றுத்திறனாளிக்கும் தனி பட்ஜெட். அது தொடங்கின காலத்துல, மாநில அரசு ஏற்கனவே பணம் கட்டி வச்ச சேவையையும் அந்தத் திட்டத்துலயே சேர்த்து எழுதினாங்க. அதைக் காசா மாத்த முடியாது. ஆனா தனக்கு என்ன இருக்குன்னு குடும்பத்துக்குத் தாள்லயே தெரியும். இங்க ரொக்கம் மட்டும்தான் பேங்க் புக்குல தெரியுது. சேவையை நாமதான் போய்க் கேக்கணும்.

டாக்டர் அறிக்கையோட சொக்சோ ஆபீசுக்குப் போனோம். இன்னிக்கு அண்ணன் ஒரே ஒரு கோலோட நடக்கறார். முன்னாடியே வந்திருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும்னு சொன்னாங்க. அதுல எங்க பங்கும் இருக்கு. நல்ல மனசோட தட்டு ஏந்தினோம், ஆனா கேக்க வேண்டியதைக் கேக்கல.

இனிமே தட்டு ஏந்தறதுக்கு முன்ன கேப்போம்: சொக்சோ இருக்கா? இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பர்ல இருந்து வருஷத்துக்கு 120 வெள்ளி கட்டற திட்டம் இருக்கே, அதுல சேர்ந்தாச்சா? பிள்ளைங்களா இருந்தா, சமூகநல இலாகாவுல ஓ.கே.யு. கார்டு எடுத்தாச்சா? பக்கத்துல பி.டி.கே. மையம் இருக்கா?

கோயில் காசு வேற எதுக்குன்னு கேப்பீங்க. பெம்பான் போக பெட்ரோல், கூடப் போறவங்க இழக்கற நாள் கூலி, வீட்டு வாசல்ல ஒரு சாய்வுப் பாதை. அங்கதான் நாம நிக்கணும்.

சொக்சோ, இலாகா கடிதம் மலாய்ல வந்து புரியலன்னா, சனிக்கிழமை சாயந்திர பூஜைக்கு அப்புறம் ஐ.சி.யோட கொண்டு வாங்க. சேர்ந்து படிப்போம். இலவசமாச்சேன்னு கூச்சப்படாதீங்க. அது தர்மம் இல்ல, வேர்வை சிந்திக் கட்டின காசு.

முருகன் துணை.