கடைசி ஒரு கெஜம்

அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிற நாட்கள் ஒரு தினுசானவை. நாற்று விட்டது, நட்டது, களை எடுத்தது, உரம் போட்டது, எலிக்குக் கிட்டி வெச்சது எல்லாம் முடிஞ்சு போச்சு. கதிர் பழுத்துத் தலை சாஞ்சு நிக்குது. செய்ய ஒண்ணும் இல்லை. ஆனா ராத்திரி தூக்கம் வராது. நாலரை மாசம் வராத பயம் இந்த நாலு நாள்ல வந்துடும்.

இந்த நாட்கள்ல எனக்கு ஒரு ஃபுட்பால் மேட்ச் ஞாபகம் வரும். நாம காலால உதைக்கிற ஃபுட்பால் இல்லை. அமெரிக்காக்காரன் கையில பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடுறானே, அது. டெல்டாவுல சேத்துல நிக்கிறவனுக்கு அது எதுக்குன்னு கேட்பீங்க. சொல்றேன்.

2014 கடைசியில மருமகளுக்குப் பிரசவம். நானும் வீட்டுக்காரியும் ஆறு மாசம் சியாட்டில் போய் பெரியவன் வீட்ல இருந்தோம். வெளியில மழையும் குளிரும். பேரனைத் தூக்கி வெச்சுக்கிட்டு டிவி பார்க்கிறதுதான் எனக்கு வேலை. ஊர் பூரா 12ன்னு நம்பர் போட்ட கொடி. என்னடா கட்சின்னு கேட்டேன். ‘கட்சி இல்லப்பா. மைதானத்துல பதினோரு பேர், பன்னெண்டாவது ஆள் ரசிகர்கள். சீஹாக்ஸ் டீம் கொடி’ன்னான். முந்தின வருஷம் அந்த டீம்தான் சூப்பர் பவுல் ஜெயிச்சிருந்தது. இந்த வருஷமும் ஃபைனல் வரைக்கும் வந்துட்டாங்க.

2015 பிப்ரவரி 1, ஞாயித்துக்கிழமை. மேட்ச் நடந்தது அரிசோனாவுல, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸோட. பையனோட ஃபிரண்ட்ஸ் நாலஞ்சு பேர் வந்திருந்தாங்க. எனக்கு விதிமுறை அரைகுறையாத்தான் தெரியும். நாலு வாய்ப்புல பத்து கெஜம் முன்னேறணும். முன்னேறிட்டா மறுபடி நாலு வாய்ப்பு. அப்படியே போய் கோட்டைத் தாண்டினா டச்டவுன், ஆறு பாயிண்ட். நான் அதை நகைக்கடன் கணக்கா புரிஞ்சு வெச்சிருந்தேன். வட்டியைக் கட்டித் திருப்பி வெச்சா இன்னொரு தவணை ஓடும், அவ்வளவுதான்.

கடைசி நிமிஷம். சியாட்டில் 24, எதிராளி 28. நாலு பாயிண்ட் பின்னாடி. தூரத்துல இருந்து பந்தை உதைச்சு மூணு பாயிண்ட் எடுக்கிற வழி உண்டு, ஆனா மூணு போதாது. கோட்டைத் தாண்டியே ஆகணும். கேர்ஸ்னு ஒரு ஆள், கீழே விழுந்து, பந்து கால்ல கையில பட்டு எகிறி, மல்லாந்து கிடந்தபடியே அதைப் பிடிச்சான். அஞ்சு கெஜத்துக்கு வந்தாச்சு. அடுத்தது மார்ஷான் லிஞ்ச். ஆள் காங்கேயம் காளை மாதிரி. மூணு பேர் மேல தொங்கினாலும் இழுத்துக்கிட்டுப் போவான். நாலு கெஜம் போயிட்டான். மீதி ஒரே ஒரு கெஜம். மூணு முழம்கூட இல்லை. கையில இன்னும் மூணு வாய்ப்பு.

வீட்ல எல்லாரும் எழுந்து நின்னாச்சு. நானும்தான். ‘அந்தக் காளைகிட்ட குடுங்கடா’ன்னு கத்தினேன். குடுக்கலை. குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் பந்தை எறிஞ்சார். மால்கம் பட்லர்னு எதிராளிப் பையன் ஒருத்தன் குறுக்கே பாய்ஞ்சு பிடிச்சுட்டான். முடிஞ்சது. வீட்ல ஒரு சத்தம் இல்லை, பேரன் மட்டும் அழுதான்.

‘மடப்பய கோச்’னேன் நான். ‘ஒரு கெஜம்டா. நான் தள்ளிக்கிட்டே போய்ச் சேர்ந்திருப்பேன்.’

பையன் பதில் சொல்லலை. ஃபிரண்ட்ஸ் எல்லாம் போனப்புறம், தட்டைக் கழுவி வெச்சுட்டு, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கிட்டு வந்து உட்கார்ந்தான். ‘அப்பா, கிட்ட வர வர சுலபம்னு நினைக்கிறீங்க. கிட்ட வந்தாத்தான் கஷ்டம்.’

மைதானத்தோட அளவைச் சொன்னான். நீளம் ரெண்டு பக்கக் கடைசிக் கட்டத்தையும் சேர்த்து 360 அடி, அகலம் 160 அடி. நான் மனசுல நம்ம கணக்குக்கு மாத்தினேன். டவுன்ல இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன். எங்க பக்கம் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. அந்த மைதானம் 57,600 சதுர அடி, அதாவது கச்சிதமா நாலு மா. யாரோ எங்க ஊர் கணக்குப்பிள்ளை போய் அளந்து விட்ட மாதிரி!

இப்ப பாருங்க. ஒரு டீம் தன்னோட பக்கம் இருபதாவது கெஜத்துல இருந்து ஆட்டத்தை ஆரம்பிக்குதுன்னு வைங்க. அவங்களுக்கு முன்னாடி மூணு மா நிலம் இருக்கு. காக்க வேண்டியவங்க பதினோரு பேர். ஆளுக்கு இருபத்தேழு குழி காவல். ஒருத்தன் வேகமா ஓடுவான், அவனைத் துரத்திக்கிட்டு ரெண்டு பேர் தூரமா போகணும். அதனால நடுவுல வழி கிடைக்கும். வேகம்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஓட இடம் இருக்கு.

எதிராளி பக்கம் இருபதாவது கெஜத்துக்கு வந்துட்டா மீதி ஒரு மா. அஞ்சு கெஜத்துல அரை மா. ஒரு கெஜத்துல முப்பத்தேழு குழிகூட இல்லை. ஆனா காவல்காரங்க அதே பதினோரு பேர். ஆளுக்கு மூணு குழி சொச்சம், உங்க ஃபிளாட்ல ஹாலும் ரூமும் சேர்ந்த அளவு. அதுக்குள்ள போய் ஒருத்தன் பந்தைப் பிடிக்கணும்.

கோட்டுக்குப் பின்னாடி பத்து கெஜத்துல இன்னொரு கோடு. அதைத் தாண்டிப் போய்ப் பிடிச்சா செல்லாது. அதனால பின்னாடி நின்னு காவல் காக்கிறவன் அங்கே தேவையே இல்லை. அந்தக் கோடே காத்துக்கும். அவனும் முன்னாடி வந்து நின்னுடுவான். கோழியைத் திறந்த களத்துல பிடிச்சுப் பாருங்க, திண்ணை மூலையில மடக்கிப் பிடிச்சுப் பாருங்க. கோழி அதேதான். இடம்தான் வேற.

இன்னொண்ணு நான் சொன்ன நகைக்கடன். பத்து கெஜத்துக்குள்ள வந்துட்டா திருப்பி வெக்கிற வேலை கிடையாது. அதுக்கப்புறம் கோட்டைத் தாண்டறதுதான் ஒரே முன்னேற்றம். நாலு வாய்ப்புன்னா நாலுதான். தவணை முடிஞ்சா ஏலம்.

‘சரி, அப்ப முட்டி மோதிப் போக வேண்டியதுதானே?’ன்னேன்.

‘போகலாம். ஆனா நீங்க முட்டத்தான் போறீங்கன்னு எதிராளிக்கும் தெரியும்ல? அவன் இருக்கிறதுலேயே கனமான ஆளுங்களை இறக்கி, குனிஞ்சு, தரையோட தரையா நிப்பான். லிஞ்சையே ஒரு கெஜத்துல நிறுத்தியிருக்காங்கப்பா.’ 2000 ஜனவரியில நடந்த ஒரு ஃபைனலையும் சொன்னான். டென்னசி டீம் ஆள் கெவின் டைசன், கடைசி விநாடியில பந்தோட கையை நீட்டிக்கிட்டு விழுறான், கோட்டுக்கு ஒரு கெஜம் குறையுது. மைக் ஜோன்ஸ்னு ஒருத்தன் காலைக் கட்டிப் பிடிச்சுட்டான். அந்தப் படத்தைக் காட்டினான். கை நீண்டு கிடக்கு. பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம்.

அப்புறம் நேரக் கணக்கு. பந்தை எறியறப்ப மீதி 26 விநாடி. நிறுத்தி வெக்கிறதுக்கு டைம்அவுட் ஒண்ணே ஒண்ணு. ஓடிப் போய் மாட்டினா கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். எறிஞ்சு கீழே விழுந்தா கடிகாரம் தானா நின்னுடும். மூணு வாய்ப்பையும் பயன்படுத்தணும்னா நடுவுல ஒண்ணாவது எறிஞ்சே ஆகணும். எதிராளி வேற கனமான ஆளுங்களை இறக்கியிருந்தான். அதனால கோச் பீட் கேரல் முதல்ல எறியச் சொன்னார். போனா டச்டவுன், போகாட்டி கீழே விழும், இன்னும் ரெண்டு தடவை லிஞ்ச் இருக்கான். கணக்கு தப்பில்லை.

‘அப்புறம் ஏன்டா போச்சு?’

‘அந்தப் பையன் பட்லர். காலேஜ்ல இருந்து டீமுக்கு ஆள் எடுப்பாங்களே, அதுல அவனை ஒருத்தரும் எடுக்கலை. அதுக்கப்புறம் டிரையல்ல வந்து ஒட்டிக்கிட்டவன். முதல் வருஷம். அந்த ஆட்டத்துக்கு அவனை உள்ளே அனுப்பினாங்க. இதே ஆட்டத்தைப் பயிற்சியில அவனுக்கு எதிரா ஆடிக் காட்டியிருக்காங்க, அப்ப கோட்டை விட்டிருக்கான். அதனால அவங்க நின்ன வரிசையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு.’

அதுவும் இடத்தோட வேலைதான்னு பையன் சொன்னான். பெரிய மைதானத்துல நூறு விதமா ஆடலாம். முப்பத்தேழு குழியில ஆடக்கூடியது நாலஞ்சு விதம்தான். அதை எதிராளி மனப்பாடம் பண்ணிட்டு வந்துடலாம்.

எல்லாத்தையும் கேட்டுட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘என்ன இருந்தாலும் மடப்பயதான்’னேன். பையன் சிரிச்சுக்கிட்டு பேப்பரை மடிச்சு வெச்சுட்டுப் படுக்கப் போயிட்டான்.

ஆறு வருஷம் கழிச்சு, 2021 பொங்கல். டெல்டாவுல அந்த ஜனவரி மழை யாருக்கும் மறக்காது. எனக்கு ஆறு மாவுல பி.பி.டி நெல். மார்கழி கடைசியில அறுத்திருக்கலாம், அறுக்கிற பதம்தான். ஆனா நெல்லுல ஈரம் இருந்தது. கொள்முதல்ல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா எடுக்க மாட்டாங்க. ரோட்டுல கொட்டிக் காய வெக்கணும், ஆள் கூலி வேற. இன்னும் மூணு நாள் வயல்லயே காயட்டும்னு விட்டேன். கணக்கு தப்பில்லை.

மழை பிடிச்சுது. விட்டு விட்டு, அப்புறம் விடாம. பி.பி.டி சன்னத் தாள், தாங்காது. பாய் விரிச்ச மாதிரி படுத்துடுச்சு. தண்ணியில கிடந்த கதிர்லயே முளை விட்டுது. செயின் வண்டியைத் தவிர எதுவும் இறங்காது, அதுக்கும் ஊர் பூரா கிராக்கி. மாவுக்குப் பன்னெண்டு மூட்டை காண வேண்டிய இடத்துல நாலு மூட்டை. அதுவும் கறுத்த நெல்.

டீக்கடையில எல்லாரும் கோச் ஆயிட்டாங்க. ‘பொங்கலுக்கு முன்னாடியே அறுத்திருக்கலாமேண்ணே. ஒரு நாள்ல முடியற வேலை.’ சொன்னவங்க யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லலை. ஒரு கெஜம்தானே இருந்தது, அவங்க கண்ணுக்கு அதுதான் தெரியும். நட்ட அன்னைக்கு எனக்கு மூணு மா நிலம் மாதிரி நாள் இருந்தது. பயிர் மஞ்சளடிச்சா யூரியா, பூச்சி விழுந்தா மருந்து, நாத்து போனா போக்கு நடவு. ஒண்ணு தப்பினா இன்னொண்ணு. கடைசி நாலு நாள்ல இருந்தது ரெண்டே வழி. அறுக்கிறது, இல்லாட்டி காத்திருக்கிறது. ரெண்டுக்கும் நடுவுல நிக்க இடமில்லை.

அன்னைக்கு ராத்திரி பையன் போன் பண்ணினான். எவ்வளவு போச்சுப்பான்னு கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அவன் ஒண்ணும் கேட்கலை, நானாத்தான் சொன்னேன். ‘டேய் தம்பி, அந்த கோச்சை அன்னைக்கு மடப்பயன்னு சொல்லியிருக்கக் கூடாதுடா.’

அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம், ‘நீங்க சாப்பிட்டீங்களாப்பா?’ன்னான்.

இப்பெல்லாம் பேரனும் நானும் சேர்ந்து வீடியோ பார்க்கிறோம். ஃபிலடெல்பியா டீம் ஒண்ணு அந்தக் கடைசி ஒரு கெஜத்துக்குப் புது வழி பிடிச்சிருக்கு. பந்து வெச்சிருக்கிற ஆள் குனிஞ்சு முட்டுவான், பின்னாடி ரெண்டு மூணு பேர் சேர்ந்து அவன் முதுகுல கை வெச்சுத் தள்ளுவாங்க. சேத்துல மாட்டின டிராக்டரை நாங்க தள்ற மாதிரியே. மத்த டீமுங்கள்ல பல டீமுங்க சேர்ந்து 2025-ல அதைத் தடை பண்ணப் பார்த்தாங்க. 32 ஓட்டுல 24 வேணும், 22 தான் விழுந்தது. எனக்கு அந்தத் தள்ளு ரொம்பப் பிடிச்சிருக்கு. தனி ஒருத்தனால தாண்ட முடியாத கெஜத்தைப் பின்னாடி நாலு பேர் இருந்தா தாண்டலாம்.

அதனால இந்தத் தடவை நாங்க அஞ்சு பேர் சேர்ந்து மெஷினுக்குச் சொல்லியிருக்கோம். ஒரே வண்டி, ஒரே நாள்ல இறங்கி, யார் வயல் முதல்ல பழுத்ததோ அங்கே ஆரம்பிச்சு வரிசையா முடிச்சுட்டுப் போகும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை, காய வெக்க எல்லார் வீட்டு ஆளும் உண்டு.

நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வண்டி வருது. கிழக்கே கொஞ்சம் கருத்திருக்கு.