பெயரை எங்கே வெட்டுவது?

பைத்தன் படிக்கிற ஆக்களுக்கு முதல் கிழமையிலேயே வாற பாடம், ஒரு சொல்லில இருந்து வேண்டிய துண்டை வெட்டி எடுக்கிறது. எண்ணிக்கை சுழியத்தில தொடங்கும். பெயர்[0] என்றால் முதல் எழுத்து, பெயர்[0:3] என்றால் முதல் மூன்று எழுத்து. உதாரணத்துக்கு வாற பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில இருக்கிறதால எல்லாம் சரியாகவே ஓடும்.

நாங்கள் புது ஆக்களுக்குச் சொல்லிக்குடுக்கேக்க 'சிவா'வில இருந்துதான் தொடங்கிறம். முதல் எழுத்தைக் கேட்டால் 'ச' என்று வரும். 'யாழ்ப்பாணம்' எத்தனை எழுத்து என்றால் 11 என்னும். விரல் மடக்கி எண்ணினால் யா, ழ், ப், பா, ண, ம் என்று ஆறுதான். முதல் மூன்றைக் கேட்டால் புள்ளியைத் தொலைச்சுப்போட்டு 'யாழ' என்று நிற்கும்.

காரணம் யூனிகோட்டில இருக்கு. தமிழின் 247 எழுத்துகளுக்கும் அங்கே தனித்தனி இடம் இல்லை. 'சி' என்பது ச, அதுக்குப் பின்னால ஒரு இகரக் குறி. 'ழ்' என்பது ழ, பிறகு ஒரு புள்ளி. பைத்தன் இந்தத் துண்டுகளைத்தான் எண்ணுது.

இதில என்ன பெரிய விசயம் என்று கேட்கலாம். எங்களில கனபேர் அப்பாவின் பெயரை ஒரு எழுத்தாக்கி எங்கட பெயருக்கு முன்னால வைச்சிருக்கிறம். கிருஷ்ணன், குமாரசாமி, கோபாலன் என்ற மூன்று பேரின் பிள்ளைகளுக்கு கி., கு., கோ. என்று வரவேணும். பெயர்[0] என்று வெட்டின பட்டியலில மூன்று பேருக்கும் 'க.' தான். அப்பா இல்லாத வீடுகள் எங்கட ஊர்களில கனக்க. சிலருக்கு அவரிட்ட இருந்து மிஞ்சினது அந்த ஒற்றை எழுத்து மட்டும்தான்.

திருத்துறது பெரிய வேலை இல்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக வாசிச்சுக்கொண்டு போகவேணும். உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதை முன்னுக்கு நிற்கிற எழுத்தோட ஒட்டவேணும். ஒட்டி முடிஞ்ச பட்டியலில இருந்து வெட்டினால் 'கோ' முழுசாக வரும். ஐந்தாறு வரி போதும். அதுக்கும் பஞ்சி என்றால் 'ஓப்பன் தமிழ்' என்ற இலவச நிரல் நூலகம் இருக்கு. சொல்லைக் குடுத்தால் தமிழ் எழுத்துகளாகப் பிரிச்சுத் தரும்.

யாராவது ஒரு பெயர்ப்பட்டியலைத் தந்து, முதலெழுத்தோட சான்றிதழ் அடிச்சுத் தரச் சொன்னால், ஆங்கிலப் பெயரில ஓடிச்சுது என்று விட்டிடாதேங்கோ. ஒரு கோபாலனையும் குடுத்துப் பாருங்கோ.