முடி மறைத்த தழும்பு

உப்பு போட்ட மாட்டுத்தோல் குடோனில் முடியோடு அடுக்கிக் கிடக்கும்போது எதையும் காட்டிக்கொடுக்காது. சதைப் பக்கம் விழுந்த கத்திவெட்டையாவது திருப்பிப் பார்த்தால் தெரியும். உண்ணி கடித்த தடமும் முள் கீறிய கோடும் சுண்ணாம்பில் ஊறி முடி உதிர்ந்த பிறகுதான் வெளியே வரும். அதற்குள் தோலுக்குக் காசு கொடுத்தாயிற்று. வாணியம்பாடியில் ஒரு சிறிய டேனரியில் இதை நேரில் பார்த்தேன்.

மலேசியாவின் சுபாங் ஜெயாவில் என் தொழில் இரும்புக் குழாய் வெல்டிங்கை மீயொலியால் சோதிப்பது. குழாயை வெட்டாமலே உள்விரிசலைச் சொல்லிவிடலாம். தோலிலும் இது நடக்குமா என்று பார்க்கத்தான் போனேன்.

தரம் பிரிக்கும் மேசையில் நின்றவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. குரோம் ஏறிய நீலத்தோலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார், முதுகுப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துகிறார், வயிற்றுப் பக்கத்தை மடித்துச் சுருக்கம் பார்க்கிறார். "மூணாவது செலக்‌ஷன்" என்றார். ஏன் ஐயா என்று கேட்டேன்.

"வயிறு லூசா இருக்கு தம்பி. ஷூவுக்குப் போனா நடக்க நடக்க மடிப்பு விழுந்துடும்." என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார், பிறகு முதுகெலும்பு ஓரமாக வைத்தார். இரண்டையும் தொட்ட பிறகே எனக்குப் பிடிபட்டது.

தோலின் வலிமையை அறிய இன்றும் துண்டு வெட்டி இழுத்துக் கிழிக்கிறார்கள். சதுர அடிக் கணக்கில் விற்கும் பொருளில் அது நஷ்டம், எல்லாத் தோலையும் வெட்டவும் முடியாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் பென்சில்வேனியா ஆய்வகம் இதற்கு இரண்டு வழிகளை ஆராய்ந்தது. ஒன்றில், இழுபடும் தோலின் நார்கள் அறும் ஓசையை உணரி கேட்கிறது. மற்றதில் மீயொலி காற்று வழியாகவே தோலை ஊடுருவி மறுபக்கம் வருகிறது, பழுதுள்ள இடத்தில் அதன் வலு மாறிவிடுகிறது. இரும்பில் நாங்கள் கூழ் தடவித்தான் உணரியை வைப்போம், இடையில் காற்று புகுந்தால் ஒலி திரும்பிவிடும். கூழ் தோலைக் கறையாக்கும். காற்றில் அனுப்பினாலோ பெரும்பகுதி மேற்பரப்பிலேயே தொலைகிறது. மிஞ்சும் கீற்றைப் பிடிக்க வேண்டும், அதுவும் முடியும் உப்பும் ஈரமும் சேர்ந்த தோலில்.

கடினம்தான், ஆனாலும் கருவி குடோனுக்குத்தான் வேண்டும். மேசையில் பெரியவரின் கண்ணும் விரலும் இருக்கின்றன, அவரை விலக்கிவிட்டுக் கேமரா வைப்பதை நான் ஏற்கமாட்டேன். பழுதான தோலை முதலிலேயே ஒதுக்கினால் சுண்ணாம்பு, குரோம், தண்ணீர் எல்லாம் மிச்சம். டேனரிக் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன வட்டாரம் இது. இதை ஆராய, சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது.

கருவி குடோனில் எழுதும் கோட்டுக்கும் சுண்ணாம்பிலிருந்து வரும் தோலுக்கும் பொருத்தம் பார்த்துச் சொல்ல அந்தப் பெரியவரைப் போன்றவர்கள்தான் வேண்டும். அந்த வேலைக்குத் தனிக் கூலி தர வேண்டும், ஆய்வில் அவர்கள் பெயரும் வர வேண்டும்.

இதைச் சொன்னபோது பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "உண்ணித் தடத்தைக் காட்டுமா தம்பி? மொதல்ல அதைக் காட்டச் சொல்லுங்க. எங்களுக்கு அதுலதான் அடி."