நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

ஒரகடம் பக்கத்தில் மாத்தூரில் ஒரு மாடி அறை. ஆறு பேர் சேர்ந்து வாடகை கொடுக்கிறார்கள். ஆளுக்கொரு ஷிஃப்ட் என்பதால், எந்நேரமும் இரண்டு பேராவது அங்கே தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் அவன் ஹெட்போன் இல்லாமல் பாட்டு கேட்டதே இல்லை.

அவனுக்கு வயது 24. சொந்த ஊர் செய்யாறு பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. தகட்டை அச்சில் வைத்தால், மேலிருந்து பிரஸ் இறங்கி ஒரே அடியில் வளைத்துவிடும். 'டங்' என்று ஒரு சத்தம், கூடவே 'ஷ்ஷ்' என்று காற்று வெளியேறும் சத்தம். எட்டு மணி நேரமும் இதுதான்.

அறைக்கு வந்தால் வேறு உலகம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்பில் இசை அமைப்பான். மெட்டு சுலபமாக வந்துவிடும். அவனைப் பாடாய்ப்படுத்தியது ஸ்நேர் சத்தம்தான். பள்ளிக்கூட பேண்டில் தோளில் மாட்டிக்கொண்டு அடிப்பார்களே, சைடு டிரம், அதேதான் ஸ்நேர். அதன் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள்கள் இருக்கும். மேலே குச்சி பட்டதும் தோல் அதிரும், கீழே கம்பிகள் சலசலக்கும். இரண்டும் சேர்ந்துதான் அந்தப் 'பட்' சத்தம். பறையில் குட்டையான அடிக்குச்சி கனத்தைத் தரும், நீளமான சிம்புக்குச்சி சுரீரென்று வெட்டும். கிட்டத்தட்ட அதே கணக்கு.

டிரம்மே இல்லாமல் அதைச் செய்வது எப்படி? 1980ல் வந்த ரோலண்ட் டிஆர்-808 என்ற தாள மெஷின் அதற்கு ஒரு வழி காட்டியது. தோலுக்குப் பதில் சின்னதாக இரண்டு மின் அதிர்வு. கம்பிக்குப் பதில், சேனல் வராத பழைய டிவியில் கேட்குமே, அந்த இரைச்சல். இரண்டையும் கலந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அடக்கிவிட வேண்டும். அந்த மெஷினை வைத்துத்தான் 1982ல் மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் கதை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவனுக்கு ஒரு ஆசை இருந்தது. தன் ஸ்நேரில் தன் பிரஸ் ஷாப் கேட்க வேண்டும். ஆனால் செல்போனை கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும், பதிவு செய்ய வழியில்லை. அதனால் காதாலேயே மனப்பாடம் செய்தான். கம்பெனி கொடுத்த நுரை இயர்பிளக்கைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அந்த 'டங்'கை உற்றுக் கேட்பான். வேர்வையில் அது அரிக்கும் என்பது கூடுதல் சாக்கு.

இரவில் அதையே லேப்டாப்பில் கட்டினான். 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கனமான அதிர்வு. அதன் மேல் இரைச்சல். எவ்வளவு ஏற்றினாலும் அவனுக்கு அந்தச் 'சுரீர்' போதவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, பிளஸ் டூ படிக்கும் தங்கையிடம் போட்டுக் காட்டினான். அவள் சட்டென்று ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணா, காது கூசுது. ஊசி குத்துற மாதிரி இருக்கு."

"உனக்கு மியூசிக் தெரியல போ" என்றான். அடுத்த வாரம் அறைத் தோழனும் அதையேதான் சொன்னான். அன்று இரவு, லேப்டாப் திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோட்டை நிதானமாகப் பார்த்தான். 4,000 ஹெர்ட்ஸ் இடத்தில் கோடு மலை மாதிரி எழும்பி நின்றது. அவன் காதுக்கோ அங்கே ஒன்றுமே இல்லை. அப்போதுதான் பயம் வந்தது.

வார விடுமுறையில் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனான். சின்ன அறையில் உட்காரவைத்து, 'பீப்' கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பிறகு ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு காதுக்கும் கோடு நேராக வந்து, நாலாயிரத்தில் பள்ளமாக இறங்கி, மறுபடி ஏறியது.

"சத்தமான இடத்துல வேலையா தம்பி?" என்று கேட்டார் டாக்டர். பெரும் இரைச்சல் முதலில் தாக்குவது அந்த இடத்தைத்தான் என்றார். உள்காதில் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. சாதாரணப் பேச்சு கேட்பதால் ஆரம்பத்தில் யாருக்கும் தெரிவதில்லை. "போனது போனதுதான். இருக்கறத காப்பாத்திக்கலாம்."

எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் வரம்பாக இருந்தது. அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்கள் என்று 1948ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் போட்ட பட்டியலில் இந்தச் செவித்திறன் இழப்பும் இருந்தது. பாக்கெட்டில் கிடக்கும் இயர்பிளக் எந்தச் சட்டத்தையும் காப்பாற்றாது என்பது அவனுக்கு அன்றுதான் உறைத்தது.

இப்போது நுரையை விரலால் நன்றாக உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை அழுத்திக்கொள்கிறான். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கிறான். ஹெட்போனில் சத்தத்தைப் பாதிக்கு மேல் வைப்பதில்லை.

ஸ்நேரை விட்டுவிடவில்லை. மேல் சத்தத்தைத் திரையில் தெரியும் கோட்டைப் பார்த்து வைக்கிறான். பிறகு வாட்ஸ்அப்பில் தங்கைக்கு அனுப்புகிறான். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் அவள் கேட்டுவிட்டுப் பதில் போடுவாள்.

போன வாரம் பதினொன்றாவது முறையாக அனுப்பியது பிரஸ் ஷாப் ஸ்நேர். அவள் பதில் வந்தது: "இது சூப்பர்ணா. கூசல. உன் கம்பெனி சத்தமா இது?"

அம்மாவுக்கும் போட்டுக் காட்டு என்று பதில் அனுப்பிவிட்டு, இயர்பிளக் டப்பாவை எடுத்துக்கொண்டு நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினான்.